கால்நடைக்கு முடிவெட்டும் சார்ஜ் மெஷின்: விற்பவர் படிக்க வேண்டிய பாடம்



மளிகைக் கடைக்கும் முடிவெட்டும் மெஷினுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். அரிசியும் பருப்பும் விற்ற கடைகளில் இன்று நாய்த் தீவனப் பாக்கெட்டுகள் அடுக்கியிருக்கின்றன. தவிடு, பிண்ணாக்கு, தாது உப்பு விற்கும் கடைகளில் மூக்கணாங்கயிறு, கழுத்து மணி, சீப்பு, பிரஷ் எல்லாம் தொங்குகின்றன. அவற்றின் பக்கத்திலேயே இப்போது சார்ஜ் போட்டு ஓட்டும் முடிவெட்டும் மெஷினும் வந்து தொங்க ஆரம்பித்துவிட்டது. விற்கிறது, லாபமும் நிற்கிறது. ஆனால் விற்றது திரும்பி வருவதும் இந்தச் சரக்கில்தான் அதிகம்.

"அண்ணாச்சி, மெஷின் வெட்டவே மாட்டேங்குது. முடியைப் புடிச்சு இழுக்குது, நாய் கத்துது" என்று வாங்கியவர் வந்து நிற்பார். கடைக்காரர் விவரம் தெரியாமல் அதை வாங்கி வைத்துக்கொண்டு எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகளுக்கு அனுப்புவார். நாங்கள் இறக்குமதியாளருக்கு அனுப்புவோம். பதில் வர ஒரு மாதம் ஆகும். அதற்குள் வாடிக்கையாளர் நான்கு முறை நம் கடைக்கு வந்துவிட்டு, ஐந்தாவது முறை வேறு கடைக்குப் போய்விடுவார். அவர் வீட்டு மாதாந்திர மளிகைச் சிட்டையும் அவரோடு போய்விடும்.

அப்படித் திரும்பி வந்த மெஷின்களைத் திறந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பெரும்பாலானவற்றில் மெஷினில் கோளாறே கிடையாது. இரண்டு பிளேடுக்கும் நடுவே முடி அடைத்துக் கிடக்கும். வாங்கிய நாள் முதல் ஒரு சொட்டு எண்ணெய் கண்டிருக்காது. பிரஷால் தட்டி, எண்ணெய் விட்டு, திருகைச் சரி செய்தால் ஓடுகிறது. இதற்கு மெக்கானிக் வேண்டாம், கல்லாவில் உட்கார்ந்தபடியே நம் கடைப் பையன் செய்துவிடலாம். விற்கும்போதே ஐந்து நிமிடம் ஒதுக்கி வாங்குபவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் அந்த வேலையும் மிச்சம். எதைச் சொல்லிக் கொடுப்பது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

மெஷின் எப்படி வெட்டுகிறது?

மெஷினின் முனையில் இருப்பது ஒரு பிளேடு அல்ல, இரண்டு. கீழே இருப்பது சீப்பு போன்ற பல் உள்ள நிலைப் பிளேடு. அது அசையாது, தோலின் மேல் படுவது அதுதான். அதன் மேல் இன்னொரு சிறு பிளேடு இடமும் வலமுமாக வேகமாக ஓடுகிறது. பல்லுக்கு நடுவே நுழைந்த முடியை இரண்டும் சேர்ந்து நறுக்குகின்றன. கத்தரிக்கோலின் வேலைதான் இது, சவரக் கத்தியின் வேலை அல்ல. இதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானே விளங்கும். கத்தரிக்கோலின் ஆணி தளர்ந்தால் துணி நறுக்காமல் நடுவில் மடிந்து சிக்கிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். மெஷினும் அப்படித்தான். இரண்டு பிளேடும் ஒன்றோடொன்று ஒட்டி ஓட வேண்டும். நடுவில் முடியோ மண்ணோ புகுந்தால், அல்லது ஸ்பிரிங்கும் திருகும் தளர்ந்தால், முடி நறுக்கப்படாமல் நடுவில் மாட்டி இழுபடும். பிளேடு மழுங்கிவிட்டது என்று வாடிக்கையாளர் நினைப்பார். அழுக்கை எடுத்துப் பார்க்காமல் மழுங்கிவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது.

இதில் ஒரு ஆபத்தான இடமும் உண்டு. திருகு போட்டுப் பிடித்திருக்கும் பிளேடுகளைச் சுத்தம் செய்யக் கழற்றி மறுபடி மாட்டும்போது, ஓடும் பிளேடின் பல் முனை, நிலைப் பிளேடின் பல் முனையை விடச் சற்று உள்ளே தள்ளி, ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பின்னால் இருக்க வேண்டும். இரண்டும் நேருக்கு நேர் நின்றாலோ, ஓடும் பிளேடு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாலோ தோலை வெட்டிவிடும். கழற்றி மாட்டிய மெஷின் எதுவானாலும் வெளிச்சத்தில் பிடித்து இந்த இடைவெளியைப் பார்த்த பிறகே வாடிக்கையாளர் கையில் கொடுங்கள்.

மோட்டாரில் கோளாறா, பிளேடில் கோளாறா என்று கண்டுபிடிக்க ஒரு சுலப வழி இருக்கிறது. பிளேடைக் கழற்றிவிட்டு மெஷினை ஓடவிடுங்கள். பிளேடு இல்லாமல் நன்றாக ஓடி, மாட்டியதும் முக்கினால், பிளேடு அடைத்திருக்கிறது அல்லது திருகு அதிகம் இறுகியிருக்கிறது. பிளேடு இல்லாமலே முக்கினால் சார்ஜ் இல்லை, அல்லது பேட்டரி, மோட்டார் பக்கம் கோளாறு. அதை மட்டும் எங்களுக்கு அனுப்பினால் போதும்.

மனிதருக்குத் தாடி ஒதுக்கும் ட்ரிம்மரையே நாய்க்கும் ஓட்டலாம் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். அதன் பல் நெருக்கமானது, மோட்டார் சிறியது. நாயின் முடி அடர்த்தி, அதில் மண்ணும் இருக்கும். ஒரு காதைக்கூட முடிக்காமல் நின்றுவிடும்.

எண்ணில் ஒரு குழப்பம்

பிளேடில் 10, 7, 40 என்று எண் போட்டிருக்கும். இந்த எண் ஏற ஏற முடி குட்டையாக வெட்டும். ஆனால் முடிதிருத்தகத்தில் மெஷின் மேல் மாட்டும் பிளாஸ்டிக் சீப்புக்கு நேர்மாறான கணக்கு. அங்கே எண் ஏற ஏற முடி நீளமாக நிற்கும். இரண்டையும் ஒன்றென்று நினைத்து, "பெரிய நம்பரே கொடுங்க, கொஞ்சம் முடி நிற்கட்டும்" என்று கேட்டு 40 வாங்கிப் போகிறவர் வீட்டில், நாய் மொட்டையாகத்தான் நிற்கும்.

கழற்றி மாட்டும் வகைப் பிளேடுகளில் வழக்கமான அளவுகள் இவை. 40 ஆம் எண் கால் மில்லிமீட்டர்தான் முடி விடும். அறுவைச் சிகிச்சைக்கு முன் கால்நடை மருத்துவர் பயன்படுத்துவது இது. 30 அரை மில்லிமீட்டர், 15 ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர், 10 ஒன்றரை மில்லிமீட்டர். 7 என்றால் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், 5 என்றால் 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், 4 என்றால் ஒன்பதரை, 3 என்றால் 13 மில்லிமீட்டர். எண்ணுக்குப் பக்கத்தில் எப் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் பல் எல்லாம் ஒரே நீளம் என்று பொருள். அந்த எழுத்து இல்லாத 7, 5, 4, 3 பிளேடுகளில் ஒரு பல் நீளம், ஒரு பல் குட்டை என்று மாறி மாறி வரும். சிக்குப் பிடித்த முடியில் புகுந்து போவதற்கு அது உதவும் என்றாலும், தளர்ந்த தோலும் அந்த இடைவெளியில் புகுந்துவிடும். பழக்கமில்லாதவருக்கு எப் உள்ளதையே கொடுங்கள். முதன்முதலாக வாங்குபவர் எது வேண்டுமென்று தெரியாமல் நின்றால் 10 ஆம் எண் பிளேடும், அதன் மேல் மாட்டும் பிளாஸ்டிக் சீப்புகளும் கொடுங்கள். அதில் பெரும் சேதம் எதுவும் வராது.

ஒரே பிளேடில் நெம்புகோலைத் தள்ளி 9 முதல் 40 வரை மாற்றும் வகையும் உண்டு. கழற்றி மாட்டும் வகைப் பிளேடு அந்த மெஷினில் பொருந்தாது. பிளேடு கேட்டு வருபவரிடம் பழைய பிளேடைக் கொண்டுவரச் சொல்லுங்கள், அல்லது மெஷின் மாடல் எண்ணைக் கேளுங்கள். வாய்வார்த்தையை நம்பிக் கொடுத்தால் அடுத்த நாள் திரும்பி வரும்.

யாருக்கு விற்கலாம், யாருக்கு வேண்டாம் என்று சொல்லலாம்?

இதைச் சொன்னால் சில நண்பர்கள் சிரிப்பார்கள், வந்த கிராக்கியைத் திருப்பி அனுப்பச் சொல்கிறாரே என்று. மெஷின் தேவையில்லாத விலங்கை வைத்திருப்பவருக்கு மெஷின் விற்றால், அது திரும்பி வரும் அல்லது வசவு வரும். அவருக்கு வேண்டிய சரக்கும் நம்மிடமே இருக்கிறது, சீப்பும் பிரஷும்தான்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை போன்ற நம் நாட்டு நாய்களுக்குக் குட்டை முடி. அவற்றுக்கு மெஷினே வேண்டாம், ரப்பர் பிரஷ் போதும். பொமரேனியன், லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, கோல்டன் ரெட்ரீவர் ஆகியவற்றுக்கு இரட்டை முடி. மேலே விறைப்பான முடி, அடியில் பஞ்சு போன்ற முடி. சித்திரை வெயிலுக்கு மொட்டை அடித்தால் நாய்க்குக் குளிர்ச்சி என்று பலர் நினைத்து வருகிறார்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அந்த முடி வெயிலையும் தடுக்கிறது. ஒட்ட வழித்துவிட்டால் தோல் நேராக வெயிலில் காயும். மறுபடி வளரும் முடியும் சில நாய்களுக்குத் திட்டுத் திட்டாக, பழைய அமைப்பு இல்லாமல் வரும், பொமரேனியனுக்கு முக்கியமாக. இவர்களுக்கு அடிமுடி வாரும் சீப்பு கொடுத்து, பாதம், மலவாய்ப் பக்கம் மட்டும் மெஷின் ஓட்டச் சொல்லுங்கள்.

ஷி ட்சு, லாசா அப்சோ, பூடில் போன்றவை வேறு ரகம். நம் தலைமுடி போல வளர்ந்துகொண்டே இருக்கும், வெட்டத்தான் வேண்டும். மெஷினுக்கு உண்மையான வாடிக்கையாளர் இவற்றை வளர்ப்பவர்களே.

பூனைக்கு என்று கேட்டால் யோசித்து விற்கவும். பூனையின் தோல் மெல்லியது, தளர்ந்து கையோடு வரும். சிக்கு எடுக்க மருத்துவரிடம் போகச் சொல்வதே நல்லது.

பால் மாடு வைத்திருப்பவர்கள் மடியைச் சுற்றியுள்ள நீள முடியைக் கத்தரிக்க வாங்குகிறார்கள். இது நல்ல உபயோகம். அந்த முடியில்தான் சாணமும் சேறும் ஒட்டிக் காய்ந்து, கறக்கும்போது பாலில் உதிர்கிறது. முடி குட்டையாக இருந்தால் மடியைக் கழுவித் துடைப்பதும் சுலபம். எருமைக்கு உடம்பு முடியையும் ஒட்டக் கத்தரிப்பது உண்டு, பேனும் உண்ணியும் பதுங்க இடமில்லாமல் போகும். மாட்டுக்கு ஓட்டும்போது மாட்டைக் கட்டி, பழகிய ஆள் ஒருவர் தலைப்பக்கம் நிற்க வேண்டும். சார்ஜ் மெஷினின் நன்மை இங்கேதான் தெரியும். கொட்டிலில் வயர் இழுக்க வேண்டியதில்லை, ஈரத்தரையில் மின்சாரப் பயமும் இல்லை.

ஆட்டுக்கு என்று கேட்டால் எந்த ஆடு என்று கேளுங்கள். மேச்சேரி, ராமநாதபுரம் வெள்ளை, வேம்பூர், சென்னைச் சிவப்பு எல்லாம் ரோம ஆடுகள், கம்பளி கிடையாது. நீலகிரி ஆட்டுக்குத்தான் நல்ல கம்பளி. கோயம்புத்தூர் ஆட்டுக்கு முரட்டுக் கம்பளி. கம்பளி வெட்டுவதற்கு நாய் மெஷின் உதவாது. எண்ணெய்ப் பசையுள்ள அடர்ந்த கம்பளியில் ஒரு கையளவு போவதற்குள் பிளேடு சூடாகி நின்றுவிடும். அதற்கென்றே அகன்ற சீப்பும், இறுக்கும் திருகும் கொண்ட தனி மெஷின் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் டன்லப் என்ற பண்ணையில் ஒரு பருவத்துக் கம்பளி முழுவதையும் மெஷினாலேயே வெட்டி முடித்தது 1888 ஆம் ஆண்டில். அந்த மெஷினைச் செய்த உல்ஸ்லி கம்பெனிதான் பின்னாளில் மோட்டார் கார் செய்யவும் இறங்கியது. இவ்வளவு பழைய தொழில் அது, நம் கடை ஆணியில் தொங்கும் மெஷினால் அதைச் செய்ய முடியாது.

ஓட்டும் முறை

வாங்குபவருக்குச் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகத் தருகிறேன். சிக்கு இருந்தால் முதலில் அதைப் பிரித்தோ கத்தரித்தோ எடுத்துவிட வேண்டும். சிக்கோடு குளிப்பாட்டினால் அது இன்னும் இறுகும். பிறகு குளிப்பாட்டி, அடிமுடி வரை காய வைத்து, அதன் பின்பே மெஷின். மண் உள்ள முடி பிளேடின் முனையைத் தின்றுவிடும், ஈர முடி நறுக்காது. பிளேடைத் தோலின் மேல் படுக்க வைத்து, முடி படிந்திருக்கும் திசையிலேயே மெதுவாகத் தள்ள வேண்டும். முனையால் குத்தக் கூடாது, அழுத்தவும் கூடாது. அக்குள், தொடை இடுக்கு, காது ஓரம், பின்னங்காலில் குதிநரம்புக்கு மேல் இருக்கும் மெல்லிய தோல் மடிப்பு ஆகிய இடங்களில் தோலை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டும். வெட்டுப் படுவதெல்லாம் இந்த இடங்களில்தான்.

சூட்டைப் பற்றித் தனியாகச் சொல்லுங்கள். உலோகத்தின் மேல் உலோகம் உராய்ந்து ஓடுவதால் பிளேடு சில நிமிடங்களிலேயே சூடாகும், எண்ணெய் இல்லாவிட்டால் இன்னும் சீக்கிரம். ஓட்டுபவர் கையில் இருப்பது பிளாஸ்டிக் பிடி, அவருக்குச் சூடு தெரியாது. நாய்க்குத்தான் தெரியும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிளேடைத் தன் மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். தனக்குப் பொறுக்கவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும். பிளேடு சுட்ட இடம் உடனே தெரியாது, மறுநாள் சிவந்து, நாய் நக்கி நக்கிப் புண்ணாக்கிவிடும். அப்போதுதான் அவர் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்கு வருவார்.

சத்தத்துக்குப் பயப்படும் நாயாக இருந்தால், முதல் இரண்டு மூன்று நாள் வெட்டாமலே பக்கத்தில் மெஷினை ஓடவிட்டு, தின்னக் கொடுத்துப் பழக்கச் சொல்லுங்கள்.

எண்ணெய் விஷயம்

நம் மளிகை நண்பர்கள் கவனிக்க வேண்டிய பகுதி இது. மெஷினோடு ஒரு சிறு குப்பியில் எண்ணெய் வரும். அது தீர்ந்ததும் வாடிக்கையாளர் வீட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயை விடுவார். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும் என்பது மார்கழியில் டின்னைச் சுரண்டி அளந்து கொடுக்கும் நமக்கா தெரியாது? பிளேடுக்கு நடுவே உறைந்தால் மோட்டார் முக்கும். நல்லெண்ணெயும் மற்ற சமையல் எண்ணெய்களும் காற்றுப் பட்டுப் பிசின் போல ஆகிவிடும், அதில் முடித்தூள் ஒட்டி மெழுகாகிவிடும். துரு நீக்கும் ஸ்பிரே அழுக்கைக் கழுவும், ஆனால் சீக்கிரம் காய்ந்து போகும், எண்ணெய்க்கு மாற்றாகாது. கிளிப்பர் எண்ணெய் என்று விற்கும் மெல்லிய மினரல் எண்ணெய் வேண்டும். அது கிடைக்காத ஊரில் நல்ல தையல் மெஷின் எண்ணெய் விடலாம்.

விடும் அளவு நான்கு சொட்டு. பல் வரிசையின் மேல் ஒன்று, இரு ஓரங்களில் ஒவ்வொன்று, பின்பக்கம் இரண்டு பிளேடும் உராயும் இடத்தில் ஒன்று. பிறகு பத்து விநாடி ஓடவிட்டு, மேலே வழிவதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். மோட்டாருக்குள் இறங்கும்படி ஊற்றக் கூடாது. வெட்டத் தொடங்கும் முன் ஒருமுறை, நடுவில் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை, முடிந்து முடியைப் பிரஷால் தட்டிய பின் ஒருமுறை. கடைசியில் விடுவதுதான் துருவைத் தடுக்கும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் ஒரே வாரத்தில் பிளேடு பழுப்பாகிவிடும். அங்குள்ள உறுப்பினர்கள் எண்ணெய்க் குப்பி இல்லாமல் மெஷின் விற்கவே கூடாது.

தண்ணீரில் கழுவலாம் என்று பெட்டியில் படம் போட்டிருந்தாலும், பிளேடைக் கழற்றிக் கழுவுவதா, மெஷினையே காட்டலாமா என்று உள்ளே இருக்கும் தாளைப் படித்துச் சொல்லுங்கள். கழுவினால் நன்றாக உலர்த்தி எண்ணெய் விட வேண்டும். படர்தாமரை உள்ள விலங்குக்கு ஓட்டிய பிளேடை அப்படியே இன்னொன்றுக்கு ஓட்டினால் அதற்கும் ஒட்டும், மனிதருக்கும் ஒட்டும். தோலில் வட்ட வட்டமாக முடி உதிர்ந்திருந்தால் மெஷினைத் தொடாமல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

பிளேடு உண்மையாகவே மழுங்கினால் தெருவில் வரும் சாணை பிடிப்பவரிடம் கொடுக்கக் கூடாது. அரிவாளுக்கும் கத்திக்கும் அவர் கைதேர்ந்தவர், ஆனால் பிளேடின் தட்டை முகம் அவர் கல்லில் போய்விடும். பிறகு இரண்டு பிளேடும் ஒட்டி ஓடாது. அதற்குத் தட்டையான சுழல் தட்டில் தேய்ப்பவர் வேண்டும், பெரிய ஊர்களில் இருக்கிறார்கள். வெள்ளையாக இருக்கும் பீங்கான் பிளேடு சூடு குறைவாக ஏறும், நெடுநாள் கூர்மை நிற்கும். ஆனால் கீழே விழுந்தால் பல் உடையும், மாற்றத்தான் வேண்டும். ஒரு ஜோடியின் மேல் பிளேடை இன்னொரு ஜோடியின் கீழ்ப் பிளேடோடு சேர்க்க வேண்டாம்.

பேட்டரியும் நம் கிடங்கும்

முன்பு வந்த மெஷின்களில் நிக்கல் காட்மியம் பேட்டரி. அதை முழுக்கத் தீர்த்துவிட்டு, இராத்திரி முழுவதும் சார்ஜ் போடச் சொல்வோம். அந்தப் பழக்கத்தில் இன்றும் பலர் அதையே சொல்கிறார்கள். இப்போது வருபவை பெரும்பாலும் லித்தியம் அயான். இதற்குப் பழைய விதி பொருந்தாது, நேர்மாறாகக் கெடுதல். அடியோடு தீரவிட்டால் இதன் ஆயுள் குறையும். வேகம் குறைந்ததுமே சார்ஜ் போட வேண்டும், பாதியில் போட்டாலும் கெடுதல் இல்லை. சூடுதான் இதன் பெரிய எதிரி. வெயிலில் நிற்கும் காருக்குள்ளும், அடுப்புப் பக்கத்திலும் வைக்கக் கூடாது.

வாடிக்கையாளரை விட நமக்கே இதில் வேலை அதிகம். தகரக் கூரைக் கிடங்கில் ஒரு வருடம் கிடந்த மெஷினின் பேட்டரி, ஒருமுறைகூட ஓடாமலே செத்துப் போயிருக்கும். தானாகக் கசிந்து கசிந்து மீள முடியாத அளவுக்கு இறங்கிவிடும். அதை விற்றுவிட்டு, கம்பெனி மட்டம் என்று சொல்வது நியாயமில்லை. மொத்தமாக மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி அடுக்காதீர்கள். பெட்டியில் போட்டிருக்கும் மாதம், வருடத்தைப் பார்த்து, முதலில் வந்ததை முதலில் விற்கவும். மூன்று நான்கு மாதம் தங்கிய சரக்கை எடுத்துப் பாதி அளவுக்குச் சார்ஜ் ஏற்றி வைக்கவும். விற்கும்போது ஓட்டிக் காட்டிக் கொடுக்கவும்.

"சார்ஜே ஏறலை" என்று வருபவரிடம் முதலில் எந்த வயரில் போட்டார் என்று கேளுங்கள். மலிவான மெஷின்கள் சிலவற்றில், இரு முனையும் ஒரே மாதிரி இருக்கும் சி வகை வயரில் போட்டால் ஏறாது. மெஷினோடு வந்த, ஒரு முனை பழைய அகன்ற யுஎஸ்பி உள்ள வயரில் போட்டால் ஏறும். மெஷின் பழுதல்ல. உருண்டை முனை அடாப்டர் உள்ளவற்றில் வேறு ஜாக்கிரதை வேண்டும். முனை பொருந்துகிறது என்பதற்காக வேறு மெஷினின் அடாப்டரைக் கொடுக்கக் கூடாது. அதில் அச்சிட்டிருக்கும் வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும். வோல்ட் கூடினால் பேட்டரி சூடேறி வீங்கும், தீயும் பிடிக்கும். வீங்கிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது, சார்ஜும் போடக் கூடாது. தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். 2022 ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு சேர்க்கக் கூடாது, சேகரிப்பவரிடம் கொடுக்க வேண்டும். மாற்றுப் பேட்டரி தனியாக விற்பவர்கள், அதன் மேல் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண், ஆர் என்ற எழுத்தில் தொடங்குவது, இருக்கிறதா என்று பார்த்து வாங்கவும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 86 ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. தயாரிக்காத, விற்க மட்டும் செய்த வியாபாரி எப்போது நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாவார் என்று அது சொல்கிறது. நமக்கு அதில் மூன்று சங்கதிகள் முக்கியம். தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையையும் உபயோகிக்கும் முறையையும் விற்கும்போது வாங்குபவருக்குத் தெரிவிக்காமல் விட்டு, அதனால் தீங்கு வந்தால் விற்றவர் பொறுப்பு. தயாரித்தவர் யாரென்றே தெரியாத சரக்கை விற்றாலும் விற்றவர் பொறுப்பு. தயாரிப்பாளர் தராத உத்தரவாதத்தைத் தானாகக் கொடுத்து, சரக்கு அதன்படி நடக்காமல் தீங்கு வந்தாலும் விற்றவர் பொறுப்பு. ஆகவே மேலே சொன்ன ஐந்து நிமிடப் பாடம் வெறும் உபகாரம் அல்ல. உள்ளே இருக்கும் விளக்கத் தாளை எடுத்துவிட்டுப் பெட்டியைக் கொடுக்கும் கடைகள் உண்டு, அந்தத் தாளே நமக்குப் பாதுகாப்பு. ஆங்கிலமும் சீனமும் மட்டும் இருந்தால், எண்ணெய், சூடு, சார்ஜ் பற்றித் தமிழில் பத்து வரி அச்சடித்து உள்ளே வைத்துவிடுங்கள். "ஒரு வருஷம் நான் கேரண்டி" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லாமல், கம்பெனி கார்டில் உள்ளதை மட்டும் சொல்லுங்கள்.

பெட்டியின் மேல் இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டுச் சரக்கு, மாதம், வருடம், அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும் என்று 2011 ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் விதிகள் சொல்கின்றன. எனக்கே ஒருமுறை ஒரு வியாபாரி இரண்டு பெட்டிச் சரக்கு அனுப்பினார். எதிலும் முகவரி இல்லை, ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளலாம் என்றார். வண்டி வாடகை என் தலையில் விழுந்தாலும் பரவாயில்லை என்று திருப்பி அனுப்பினேன்.

ஜிஎஸ்டி பில்லில் மோட்டார் உள்ள முடிவெட்டும் மெஷின் 8510 என்ற தலைப்பில் வரும், விலங்குக்கானதும் அதில்தான். கையால் அழுத்தும் பழைய மெஷின் 8214 இல் வரும். இரண்டையும் ஒரே வரியில் எழுதி வைத்தால் கணக்குப் பார்க்கும்போது சிக்கல் வரும். பில்லில் மாடல் எண்ணையும் எழுதுங்கள், பின்னால் பிளேடு கேட்டு வரும்போது தேட வேண்டியதில்லை.

கடைசியாகக் கொள்முதல் பற்றி. மெஷின் விலையை மட்டும் பார்க்காமல், அதே மாடலுக்குத் தனிப் பிளேடு கிடைக்குமா என்று சப்ளையரிடம் கேளுங்கள். கிடைக்காது என்றால் அந்த மாடலை எடுக்க வேண்டாம். மெஷின் வாங்கிய வீடு அடுத்த மெஷின் வாங்கப் பல வருடம் ஆகும், ஆனால் எண்ணெய்க் குப்பியும் பிளேடும் கேட்டு வந்துகொண்டே இருக்கும். பத்து மெஷினுக்கு நான்கு பிளேடு, பத்து எண்ணெய்க் குப்பி, சில பிரஷ் என்று சேர்த்தே ஆர்டர் கொடுங்கள். ஒரு மெஷினைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கல்லாப் பக்கம் வைத்துக்கொண்டு, கடைப் பையனைப் பிளேடைக் கழற்றி மாட்டிப் பழகச் சொல்லுங்கள். இரண்டு நாளில் பழகிவிடுவான்.